படிப்பு முடியும்வரை குழந்தை வேண்டாம் என்றால்…

கேள்வி: என் மகளுக்கு 19 வயது, காரைக்குடியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. தை மாதம் தேவகோட்டையில் கட்டிக்கொடுத்தோம். படிப்பு முடியட்டும், பிறகு குழந்தை என்கிறாள், மாப்பிள்ளைக்கும் சம்மதம். மாத்திரை போட்டால் பின்னால் கருவே தங்காது என்று அவள் அப்பத்தா பயப்படுகிறார். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், காரைக்குடி

பதில்: அந்தப் பயம் வேண்டாம். மாத்திரையை நிறுத்தியதும் கருத்தரிக்கும் தன்மை திரும்பிவிடும்.

ஆணுறை, மாலா-என், சாயா மாத்திரைகள், அந்தரா ஊசி, கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி எல்லாமே அரசு மருத்துவமனையில் இலவசம். 18 நிறைந்த பெண்ணுக்குக் கணவர் கையெழுத்தும் பெற்றோர் கையெழுத்தும் தேவையில்லை. நீங்கள் துணைக்குப் போங்கள். டாக்டரிடம் அவள் பேசும்போது மட்டும் வெளியே இருங்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் பல பெண்கள் கேட்க வந்ததைக் கேட்காமலே எழுந்துவிடுகிறார்கள்.

மாலா-என் அட்டையில் 28 மாத்திரை: 21 ஹார்மோன், 7 இரும்புச்சத்து. மாதவிலக்கு தொடங்கிய 5 நாளுக்குள் ஆரம்பித்து, தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் குமட்டல் குறையும். முதல் மூன்று மாதம் லேசாக உதிரம் படலாம். அதற்காக நிறுத்திவிடக் கூடாது. பிறந்த வீட்டுக்கு வரும்போது அட்டையை மாமியார் வீட்டிலேயே விட்டுவருவதும், பிள்ளையார் நோன்பு போன்ற விரத நாளில் மாத்திரையைத் தள்ளிவைப்பதும்தான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறுகள். ஒன்று விட்டுப்போனால் நினைவு வந்ததும் போட்டு, அடுத்ததை வழக்கமான நேரத்தில் போடலாம். இரண்டோ அதற்கு மேலோ விட்டால் 7 நாள் ஆணுறையும் வேண்டும். ரத்த அழுத்தம், கண் கூசும் ஒற்றைத் தலைவலி, ரத்தம் உறைதல், காசநோய் அல்லது வலிப்பு மருந்து இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தினமும் நினைவு வைக்க முடியாதென்றால் சாயா இருக்கிறது. அதில் ஹார்மோன் கிடையாது. முதல் 3 மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. மாதவிலக்கு தள்ளிப்போகலாம், சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல. அந்தரா 3 மாதத்துக்கு ஒரு ஊசி. நிறுத்திய பிறகு கரு தங்கப் பல மாதம் ஆகலாம் என்பதால், பட்டம் வாங்கியதும் குழந்தை வேண்டும் என்பவளுக்கு நாங்கள் அதை முதலில் சொல்வதில்லை. காப்பர்-டி குழந்தை பெறாதவர்களுக்கும் போடலாம். பால்வினை நோயைத் தடுப்பது ஆணுறை மட்டுமே. இவற்றில் எது என்பதை உங்கள் மகள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

கேள்வி: ஆணுறை கிழிந்துவிட்டது. மருந்துக் கடையில் அவசர மாத்திரை கேட்டால் இல்லை என்கிறார்கள். எனக்கு 18 வயது.
– பெயர் வேண்டாம், திருப்பத்தூர்

பதில்: கடை கடையாக அலையாமல் இன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அந்த அவசர மாத்திரை லெவோனார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், உறவு கொண்ட 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி போட வேண்டும். 72 மணி தாண்டிவிட்டாலும், 5 நாளுக்குள் காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம். மாதவிலக்கு ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் மருத்துவ உதவி எண் 104. உங்கள் விருப்பமில்லாமல் நடந்ததென்றால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். எந்த மருத்துவமனையும் இலவசமாகச் சிகிச்சை தந்தாக வேண்டும்.