புதிதாக வாங்கிய மொனோகுளோனல் அன்ரிபொடி பட்டையே காட்டவில்லை. குப்பி பழுதா?

கேள்வியைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. இதே சந்தேகத்தோடு ஒரு மாதம் அலைந்தவன் நான்.

கிளிநொச்சியில் பட்ட ஆய்வுக்காக மடியழற்சி வந்த பசுக்களின் பாலை எடுத்து, அதிலுள்ள கலங்களைச் சுழற்றிப் பிரித்து, அழற்சியில் கூடும் ஒரு சிறு புரதத்தை வெஸ்ரேன் புளொட்டில் தேடினேன். புரதங்களை அளவுப்படி பிரித்து ஒரு படலத்தில் ஒட்டி, அன்ரிபொடியால் தேடும் முறை அது. தேடிய புரதம் இருந்தால் பட்டையாகத் தெரியும். அன்ரிபொடி (பாடப்புத்தகத்தில் படித்த அதே பிறபொருளெதிரிதான்) கொழும்பிலிருந்து ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் வைத்து ஏ9 வீதியால் பஸ்ஸில் வந்தது. திறந்தால் ஐஸ் எல்லாம் தண்ணீர். ஆகவே படலம் வெறுமையாக வந்தபோது எல்லோரும் ஐஸ்மேல் பழியைப் போட்டோம்.

உண்மையில் இவை அவ்வளவு நோஞ்சான் இல்லை. ஒரு நாள் ஐஸ் கரைந்ததால் பெரும்பாலும் கெடாது. திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்குவதுதான் ஆகாது. அதே மாதிரியில், எல்லாக் கலங்களிலும் இருக்கும் அக்ரின் என்ற புரதத்துக்கான மொனோகுளோனலைப் போட்டேன். அக்ரினுக்குரிய 42 கிலோடால்டன் (புரதத்தின் எடை அலகு) அளவில் பட்டை பளிச்சென்று விழுந்தது. அதுவும் சுண்டெலியில் செய்ததே. ஆக மாதிரி சரி, கைவேலை சரி, சுண்டெலி அன்ரிபொடியைப் பிடித்துக் காட்ட இரண்டாவதாக ஊற்றும் அன்ரிபொடியும் சரி. அப்போ?

1975இல் கோலரும் மில்ஸ்டைனும் கேம்பிரிட்ஜில் காட்டியதுதான் மொனோகுளோனல் செய்யும் வழி: அன்ரிபொடி செய்யும் சுண்டெலி மண்ணீரல் கலத்தையும் சாகாமல் பெருகும் புற்றுக்கலத்தையும் ஒட்டவைப்பது. 1984இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஒரே கலத்தின் வழி வந்ததால் அந்த அன்ரிபொடி புரதத்தின் ஒரேயொரு சிறு இடத்தை மட்டுமே பிடிக்கும். பல கலங்களின் வழி வந்த பொலிகுளோனல் என்றால் ஊரே கூடி ஆளை அடையாளம் சொல்வது மாதிரி. இதுவோ புருவத் தழும்பை மட்டும் தெரிந்துவைத்திருக்கும் ஒருவன். தழும்பு இல்லையென்றால் ஆள் முன்னால் நின்றாலும் தெரியாது என்பான்.

என் குப்பியோடு வந்த தாளில் மனிதன், சுண்டெலி, எலி என்று மூன்றுதான் இருந்தது. பசு இல்லை! அக்ரின் விலங்குக்கு விலங்கு அதிகம் மாறாது. அழற்சிப் புரதங்கள் மாறும். நண்பரிடம் மனிதக் கலச் சாறு கொஞ்சம் வாங்கி ஓட்டினேன், அழகான ஒற்றைப் பட்டை.

உங்கள் தாளில் விலங்கின் பெயரை முதலில் பாருங்கள். பிறகு முறையைப் பாருங்கள். எலைசாவில் (தட்டின் குழிகளில் புரதத்தை அன்ரிபொடியால் அளக்கும் முறை) நன்றாக வேலை செய்வது, கொதிக்கவைத்து மடிப்புக் குலைந்த புரதத்தை வெஸ்ரேனில் பிடிக்காமல் போகலாம். அது பிடிக்கும் இடம் மடிப்பில்தான் உருவாகியிருந்தால் அப்படித்தான்.

இன்னொரு கூத்து: பசுப் புரதத்தைத் தேடிக்கொண்டு அன்ரிபொடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க படலத்தைப் பால்மாக் கரைசலில் ஊறப்போட்டிருந்தேன். பால்மாவும் பசுவிடமிருந்துதானே வருகிறது என்று மேற்பார்வையாளர் கேட்டபோது நிலத்தைத்தான் பார்த்தேன்.

பசுப் புரதத்துக்கென்றே செய்ததை வாங்கி வேலையை முடித்தேன். பழைய குப்பி இன்னும் −20 பாகை உறைபெட்டியில் கிடக்கிறது. மனித மாதிரி வைத்திருப்பவர்கள் கேட்டால் தருகிறேன்.