பைக்குள் போட எந்த மண் மலிவு?

கேள்வி: மொட்டை மாடியில், செடி வளர்க்கும் பைகளில் இயற்கை முறையில் கத்தரி, தக்காளி வளர்க்க ஆசை. கடையில் விற்கும் மண்கலவை விலை கட்டுப்படியாகவில்லை. வெறும் செம்மண் போதுமா? – வாசகி, மதுரை

பதில்: கடைக் கலவையை விடுங்கள், பெரும்பாலானவற்றில் இருப்பது தேங்காய் நார்க்கழிவும் கொஞ்சம் எருவும்தான், அதை நாமே கலந்துகொள்ளலாம். ஆனால் வெறும் செம்மண் வேண்டாம். தண்ணீர் ஊற்ற ஊற்றப் பைக்குள் இறுகி, வேருக்குக் காற்றே போகாது, மாடிக்கும் பாரம். கரிசல் இன்னும் மோசம்.

செம்மண் இரண்டு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, நன்றாக மட்கிய மாட்டெரு ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. அவ்வளவுதான்.

நார்க்கழிவைக் கட்டியாக வாங்குங்கள். 5 கிலோ கட்டி ஊறினால் ஏறக்குறைய 70 லிட்டராகப் பொங்கும். அதில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிப் பிழிந்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும், இதைச் சோம்பல்பட்டு விட்டால் இலை நுனி கருகும், பழி விதைக்கடைக்காரர் மேல் விழும்! நார்க்கழிவில் பெரிதாகச் சத்தும் கிடையாது, அதனால் எருவில் கஞ்சத்தனம் கூடாது.

செம்மண்ணை வீடு கட்டத் தோண்டும் இடத்தில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். சிமெண்டு, சுண்ணாம்பு கலந்ததை மட்டும் தொடாதீர்கள். அப்புறம், கலந்த அன்றே நாற்று நடாமல், ஈரமாக நிழலில் பத்து நாள் போட்டு வையுங்கள்.