பனிக்கரடியும் ப்ளக் பாயிண்டும்

அன்புள்ள ஐயா,

நான் மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எங்கள் கோயில் மண்டபத்தில் இளைஞர் பிரிவுக்காகப் பருவநிலை மாற்றம் பற்றிப் பேசினேன். உருகும் பனிப்பாறை, பனிக்கரடி என்று படம் போட்டேன். கடைசியில் துணிப்பை கொண்டு போங்கள், தேவையில்லாத விளக்கை அணையுங்கள் என்று முடித்தேன். பாதிப் பேர் கைப்பேசியில் இருந்தார்கள். ஒரு பெரியவர், "கலி முத்திப்போச்சும்மா, நம்ம கையில என்ன இருக்கு" என்றார். ஒரு தம்பி, "சீனாவும் அமெரிக்காவும் விடுற புகைக்கு நான் ஸ்ட்ராவை விட்டா சரியாயிடுமா, டீச்சர்?" என்று கேட்டதும் மண்டபமே சிரித்தது. எனக்குப் பதில் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பயமுறுத்தியிருக்க வேண்டுமா, நம்பிக்கை கொடுத்திருக்க வேண்டுமா?

– ஒரு வாசகி

அன்புள்ள டீச்சருக்கு,

பயமா நம்பிக்கையா என்று இதைப் பேசுகிறவர்களே பல வருடமாக மல்லுக்கட்டுகிறார்கள். எனக்கு அந்தச் சண்டையில் அக்கறை இல்லை. உங்கள் பேச்சில் இடித்தது வேறு. உலகமே மூழ்கப்போகிறது என்று அரை மணி நேரம் சொல்லிவிட்டு, ஆகவே துணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் கேட்கிறவர் என்ன நினைப்பார்? ஆபத்து அவ்வளவு பெரிதில்லை போலும் என்றுதான். தம்பி கிண்டலாகக் கேட்டாலும் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார். ஆளாளுக்கு அவரவர் கார்பன் தடத்தை, அதாவது தன்னால் எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்பதை, அளக்க வேண்டும் என்ற பேச்சை 2000களில் விளம்பரம் போட்டுப் பரப்பியதில் பிபி என்ற எண்ணெய் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எண்ணெய் விற்கிறவர்களே நம் வீட்டு விளக்கை அணைக்கச் சொன்னார்கள். கில்லாடிகள்தான்.

ஆனால் தம்பியைச் சும்மா விடவும் வேண்டாம். உலகப் புகையில் மலேசியாவின் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் கீழே, உண்மை. தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் ஆண்டுக்குச் சுமார் 8 டன் கரியமில வாயு வருகிறது. உலகச் சராசரி 5 டன்னைக்கூடத் தொடவில்லை. இந்தியாவில் 2 டன் அளவு. இதில் ஸ்ட்ராவுக்குப் பங்கே இல்லை என்று சொல்லலாம். நிலக்கரியிலும் எரிவாயுவிலும் ஓடும் மின்நிலையங்கள், நேரத்துக்குப் பஸ் வராத தாமான் குடியிருப்புகளில் வீட்டுக்கு இரண்டு வாகனம், அந்த 8 டன்னில் பெரும்பங்கு இவைதான். தனி ஆள் மனம் திருந்தி மாற்றக்கூடிய விஷயங்கள் இல்லை இவை. பஸ் வேண்டும் என்று ஊர் சேர்ந்துதான் கேட்க வேண்டும்.

அப்புறம் அந்தப் பனிக்கரடி. நம் ஊர் வெள்ளம் இருக்கும்போது அது எதற்கு? பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் பி. ரம்லி சாலைப் பக்கம் தெரிந்தவர் வீடு ஒன்று இருக்கிறது. உள்ளே ப்ளக் பாயிண்ட் எல்லாம் நெஞ்சு உயரத்தில். ஃபிரிட்ஜ் செங்கல் மேல் நிற்கிறது. மழை வலுத்தால் முதலில் அரிசி மூட்டை கட்டிலுக்கு ஏறும், பிறகு பிள்ளைகளின் பள்ளிப் பை, அதற்குப் பிறகுதான் டிவி. வரிசை கூட மனப்பாடம். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கைப் புரட்டிப்போட்ட மழை உங்கள் கரையையும் விடவில்லை. உங்கள் மண்டபத்தில் இருந்தவர்களிடம் அன்று தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டிருந்தால் கைப்பேசி தானாகக் கீழே போயிருக்கும்.

அந்த வெள்ளம் முழுக்கப் பருவநிலை மாற்றத்தால் வந்தது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வடிகால் போதாது, மலைச்சரிவை வெட்டினார்கள் என்று யாராவது எழுந்து சொல்வார், அதுவும் சரிதான். காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்கும். அதனால் கொட்டும்போது மொத்தமாகக் கொட்டுகிறது. பழைய மழைக்கே திணறிய வடிகால் இதற்கு என்ன செய்யும்? இவ்வளவு போதும்.

கலி முத்திவிட்டது என்ற பெரியவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, ஒரு வட்டாரத்தின் வரைவுத் திட்டத்தை மக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்டாக வேண்டும். எந்தச் சரிவில் வீடு வரும், எந்தச் சதுப்பு மேடாகும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். நம் ஆட்கள் அங்கே போய்ப் பார்ப்பது குறைவு. ஆற்றங்கரை அந்தக் காலத்தில் எதுவரை இருந்தது, தண்ணீர் எந்த வழியாக வடிந்தது என்று பெரியவருக்குத்தான் தெரியும்.

அடுத்த கூட்டத்துக்கு மாநகர் மன்றத்தில் கேட்டு அந்த வரைவுத் திட்டத்தை வாங்கிப் போங்கள். ஆட்சேபக் கடிதத்தை நல்ல மலாயில் எழுதக்கூடிய ஒருவர் வேண்டும். வாய்த்துடுக்கைப் பார்த்தால் அந்தத் தம்பியே போதும் என்று தோன்றுகிறது.