அலாஸ்கா, யூகான் கூடாரப் பயணம்: நீங்கள் கேட்டவை

அலாஸ்காவிலும் அதை ஒட்டியிருக்கும் கனடாவின் யூகானிலும் கோடைதோறும் சிறு குழுக்களைக் கூட்டிக்கொண்டு நடப்பது என் வேலை. போக நினைக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, எல்லா விளம்பரத்திலும் 'சிறு குழு' என்று போடுகிறார்கள். நிஜத்தில் எப்படி இருக்கும்? எல்லாவற்றையும் அவர்களே செய்து தருவார்களா?

பெரும்பாலும் எட்டிலிருந்து பன்னிரண்டு பேர், ஒன்றோ இரண்டோ கைடு, ஒரு வேன், பின்னால் சாமான் ஏற்றிய டிரெய்லர். எல்லாவற்றையும் செய்து தரமாட்டார்கள். உங்கள் கூடாரத்தை நீங்கள்தான் அடிக்க வேண்டும், மறுநாள் மழையிலேயே பிரிக்கவும் வேண்டும். காய் நறுக்குவதும் பாத்திரம் கழுவுவதும் முறைவைத்து நடக்கும். வண்டி ஓட்டுவது, பூங்கா அனுமதி, சாப்பாட்டுக் கணக்கு, அன்றைக்கு எந்தப் பக்கம் நடப்பது என்ற முடிவு, இதெல்லாம் கைடு பொறுப்பு.

இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அங்கே தூரங்கள் பெரியவை. முழு நாளும் வேனிலேயே கழிகிற நாட்கள் உண்டு. நடக்கப் பணம் கட்டிவிட்டு உட்கார்ந்தே வந்தோம் என்று புலம்புகிறவர்கள் அட்டவணையில் மலைப் பெயர்களை மட்டும் படித்தவர்கள். ஓட்டும் நேரத்தையும் படியுங்கள்.

எந்த மாதம் நல்லது? கொசுவைப் பற்றிப் பயங்கரமாகச் சொல்கிறார்களே.

உண்மைதான், ஜூன் நடுவிலிருந்து ஜூலை வரை கொசுதான் ராஜா. தலைக்கு மேல் போட்டுக்கொள்ளும் வலை வாங்கிவிடுங்கள், விலை குறைவு, பலன் பெரிது. கொசு மருந்து டீட் (DEET) என்ற ரசாயனம் கலந்ததாக இருந்தால் கைக்கடிகாரம், கண்ணாடிச் சட்டம் போன்ற பிளாஸ்டிக்கில் படாமல் தடவுங்கள், அரித்துவிடும்.

ஜூன் கடைசியில் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் ஊரில் கிட்டத்தட்ட 22 மணி நேரம் சூரியன் மறையாது. இரவு பதினோரு மணிக்குக் கூடாரத்துக்குள் புத்தகம் படிக்கலாம். தூக்கம் வராதவர்களுக்கு இதுவே தண்டனை, கண்கட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்துக்குப் பிறகு. கொசு அடங்கியிருக்கும். தூந்திராவின், அதாவது மரமில்லாத குளிர்நிலத்தின், குட்டைச் செடிகள் சிவப்பும் மஞ்சளுமாக மாறும். இரவு மறுபடி இருட்டாவதால் வானம் தெளிந்தால் துருவ ஒளி தெரியும். பதிலுக்கு, விடியற்காலையில் கூடாரத் துணியில் உறைபனி படிந்திருக்கும். எனக்கு அது பரவாயில்லை.

எனக்கு 58 வயது. தினமும் நடப்பேன், ஆனால் முழங்கால் கொஞ்சம் மக்கர் செய்யும். வரலாமா?

வரலாம், ஆனால் தினமும் சமதளத்தில் நடப்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். சூவார்ட் ஊருக்குப் பக்கத்தில் ஹார்டிங் ஐஸ்ஃபீல்டு என்ற பனிப்பரப்புக்குப் போகும் பாதை இருக்கிறது. போகவர 8.2 மைல், அதாவது 13 கிலோமீட்டர். கேட்டால் சின்னதாகத் தெரியும். ஆனால் மேலே போகும்போது மைலுக்குச் சுமார் 1,000 அடி ஏறுகிறது. ஏறிவிடலாம், முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். இரண்டு ஊன்றுகோல் கட்டாயம்.

பாதையே இல்லாத தூந்திரா இன்னொரு சோதனை. தூரத்திலிருந்து பார்த்தால் புல்வெளி. கிட்டே போனால் ஒவ்வொரு புல்கொத்தும் முழங்கால் உயரத்துக்குக் குண்டாக நிற்கும். அதன் மேல் மிதித்தால் பக்கவாட்டில் சாயும், நடுவில் மிதித்தால் கணுக்கால் வரை சேறு. இதில் ஒரு கிலோமீட்டர் போக ஒரு மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை.

உங்களுக்கு நான் சொல்வது ரூட் பனியாறு. ரேங்கல் செயின்ட் இலையாஸ் தேசியப் பூங்காவில், 1938-ல் மூடிய கென்னிகாட் செப்புச் சுரங்க ஊரிலிருந்து பனி விளிம்புவரை போகவர நாலு மைல்தான், பெரிய ஏற்றம் இல்லை. அங்கே காலணியில் முள்பட்டை மாட்டிக்கொண்டு பனி மேல் நடக்கலாம். பாதங்களைக் கொஞ்சம் அகட்டி, முள் எல்லாம் பதியும்படி வைத்து நடக்கப் பழகினால் போதும். கிளம்பும் முன் முதுகில் ஏழெட்டு கிலோ சுமையோடு மாடிப்படி ஏறி இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது வலித்தால் முதலில் மருத்துவர், பிறகு முன்பதிவு.

கரடி வந்தால் என்ன செய்வது? படித்ததெல்லாம் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கிறது.

முரணாகத் தோன்றுவதற்குக் காரணம், இரண்டு வகைக் கரடிக்கும் சேர்த்து எழுதுவது. வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், கரடி உங்களைத் தேடி வருவது அரிது. திடுக்கிட வைப்பதுதான் ஆபத்து. புதர், வளைவு, ஓடைச் சத்தம் இருக்கிற இடங்களில் சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள். பையில் கட்டிக்கொள்ளும் குட்டி மணி போதாது, மனிதக் குரல்தான் வேண்டும். குழுவாக, நெருங்கி நடங்கள். முன்னால் ஓடுகிற இளைஞரையும் பின்தங்குகிற புகைப்படக்காரரையும் கைடு ஓயாமல் சேர்த்துக்கொண்டே இருப்பது இதற்காகத்தான்.

பார்த்துவிட்டால் ஓடக் கூடாது. ஓடினால் துரத்தும், நம்மைவிடப் பல மடங்கு வேகம். நின்று, அமைதியாகப் பேசி, மெதுவாகப் பின்வாங்குங்கள். அலாஸ்காவின் டெனாலி தேசியப் பூங்காவில் கரடியிடமிருந்து 300 கஜம் விலகியிருக்க வேண்டும் என்பது விதி, கிட்டத்தட்ட 275 மீட்டர்.

நேரே பாய்ந்து வந்தால் கரடி ஸ்பிரே, அதாவது கண்ணை எரிக்கும் மிளகாய்ச் சாற்றைப் பீய்ச்சும் டப்பா. அதைப் பைக்குள் வைத்தால் இல்லாததற்குச் சமம். இடுப்பிலோ மார்புப் பட்டையிலோ இருக்க வேண்டும். பாதுகாப்புக் கிளிப்பை எடுத்துவிட்டு, கரடி பத்துப் பதினைந்து மீட்டருக்குள் வரும்போது, சற்றுக் கீழ்நோக்கி அடியுங்கள். ஸ்பிரே மேகம்போல எழும்பி அதன் முகத்தில் படும். சில நொடியில் டப்பா காலி, அதனால் முன்கூட்டியே அடித்துத் தீர்த்துவிடாதீர்கள்.

இனி அந்த முரண்பாடு. பழுப்புக் கரடி, அதாவது கிரிஸ்லி, குட்டியையோ இரையையோ காக்கத் தாக்கினால் குப்புறப் படுத்து, கழுத்தின் பின்புறத்தைக் கைகளால் மூடி, செத்தது போலக் கிடக்க வேண்டும். முதுகுப்பையைக் கழற்றாதீர்கள். கருங்கரடி தாக்கினால் படுக்கவே கூடாது, முகத்தைக் குறிவைத்துத் திருப்பி அடிக்க வேண்டும். நிறத்தை வைத்து அடையாளம் காணாதீர்கள், பழுப்பு நிறக் கருங்கரடியும் உண்டு. கிரிஸ்லிக்குத் தோளில் திமில் இருக்கும்.

கரடியைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கிறீர்கள், மூஸ் என்ற பெரிய மான் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. குட்டியோடு நிற்கும் பெண் மூஸ் சாதாரணப் பிராணி அல்ல. காதை மடக்கி, பிடரி மயிரைச் சிலிர்த்தால் கிளம்பிவிடுங்கள். அதனிடமிருந்து மட்டும் ஓடலாம், மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம்.

ஆற்றை நடந்தே கடக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. நீச்சல் தெரியாது. பயமாக இருக்கிறது.

நீச்சல் தெரிந்தாலும் அந்தத் தண்ணீரில் பெரிதாக உதவாது. உங்கள் பயம் சரியான பயம். கரடியைவிட ஆற்றைப் பார்த்துத்தான் நான் அதிகம் யோசிப்பேன்.

பனியாற்றிலிருந்து வரும் தண்ணீர் பாறைத் தூள் கலந்து சாம்பல் நிறத்தில் ஓடும். முழங்கால் ஆழமா, இடுப்பு ஆழமா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கரையில் நின்று காது கொடுத்தால் அடியில் கற்கள் உருண்டு மோதும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் பலமாக இருந்தால் நான் இறங்கமாட்டேன்.

இந்த ஆறுகளுக்கு நேரம் உண்டு. பகல் வெயிலில் பனி உருகி மாலையில் தண்ணீர் ஏறும், விடியற்காலையில்தான் குறைவாக இருக்கும். அதனால்தான் கைடு நாலு மணிக்கு எழுப்புகிறார், உங்களை வதைப்பதற்கு அல்ல. குறுகலான இடம் சுலபமாகத் தெரியும், ஆனால் அங்கேதான் ஆழமும் வேகமும். ஆறு பல கிளையாகப் பிரிந்து அகலமாகப் பரவும் இடமே நல்லது. காலணியைக் கழற்றாதீர்கள். முதுகுப்பையின் இடுப்பு, மார்புப் பட்டைகளை அவிழ்த்துவிடுங்கள், விழுந்தால் பையை உதறிவிட வேண்டும். ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, பலசாலி மேல்பக்கம் நிற்க, எல்லோரும் ஒன்றாக நகருங்கள். ஓடும் தண்ணீரைப் பார்த்தால் தலை சுற்றும், எதிர்க்கரையைப் பாருங்கள். தொடைக்கு மேல் வந்தால் திரும்பிவிட வேண்டும்.

ஒரு செய்தி: யூகானின் குளுவானி பகுதியில் 2016-ல் ஓர் ஆறே திசை மாறிவிட்டது. காஸ்கவால்ஷ் பனியாறு பின்வாங்கியதால், ஸ்லிம்ஸ் ஆற்றுக்கு வந்துகொண்டிருந்த உருகுநீர் வேறு பக்கம் போய்விட்டது. இன்று அந்தப் பள்ளத்தாக்கில் காற்றடித்தால் புழுதிதான். பழைய வரைபடத்தை நம்பிப் போகிறவர்களுக்காகச் சொன்னேன்.

என்ன உடை? ஜீன்ஸ் போதுமா?

வேண்டாம். பருத்தி நனைந்தால் காயாது, உடல் சூட்டை உறிஞ்சிவிடும். உடல் விறைத்துப்போக உறைநிலைக் குளிர் தேவையில்லை, ஐந்து டிகிரியும் மழையும் காற்றும் போதும். உள்ளே மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை, நடுவில் ஃப்லீஸ், மேலே தண்ணீர் புகாத சட்டையும் பேண்டும். இரவுக்கென்று ஒரு ஜோடி காலுறையைத் தனியாக நனையாமல் வையுங்கள், மற்றதெல்லாம் ஈரமானாலும் சமாளிக்கலாம்.

நான் சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?

வேண்டாம், முன்பதிவின்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். வழியில் கடை இல்லாத இடத்தில் சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் கொண்டுவரும் தின்பண்டத்தைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கழிப்பறை? அதுவும் மாதவிடாய் நாட்களில்?

கூச்சமே வேண்டாம், எல்லாப் பெண்களும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பதுதான். சாலையோர முகாம்களில் குழிக்கழிப்பறை இருக்கும். காட்டுக்குள் போனால் ஓடையிலிருந்து 200 அடியாவது தள்ளி, ஆறேழு அங்குலம் குழி தோண்டி மூட வேண்டும். பயன்படுத்திய தாளையும் நாப்கினையும் புதைக்கக் கூடாது, மிருகம் தோண்டிவிடும். ஒளிபுகாத பையில் கட்டி, இன்னொரு பையில் போட்டு, சாப்பாட்டோடு சேர்த்துக் கரடி திறக்க முடியாத டப்பாவில் வைத்துக் கொண்டுவர வேண்டும். பற்பசை, முகக் கிரீம், உதட்டுத் தைலம், வாசனை உள்ள எல்லாமும் அங்கேதான். டெனாலியின் உட்பகுதியில் அந்த டப்பா கூடாரத்திலிருந்து 100 கஜம் தள்ளியிருக்க வேண்டும்.

டெனாலி சிகரத்தைப் பார்க்க எத்தனை நாள் ஒதுக்கலாம்?

எத்தனை ஒதுக்கினாலும் உத்தரவாதமில்லை. 20,310 அடி மலை, தன் மேகத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பூங்காவுக்கு வருகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் தெரிகிறது. 92 மைல் பூங்காச் சாலை 2021 ஆகஸ்டில் பிரிட்டி ராக்ஸ் நிலச்சரிவால் 43-வது மைலில் அடைபட்டது. இப்போது எதுவரை பஸ் போகிறது என்று பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அலாஸ்காவிலிருந்து யூகானுக்குப் போய்த் திரும்பும் பயணம். இந்திய பாஸ்போர்ட். விசா?

இரண்டு நாட்டு விசாவும் வேண்டும், திரும்பி நுழைய வேண்டியிருப்பதால் பலமுறை நுழைவு உள்ளதாகப் பாருங்கள். டாப் ஆஃப் தி வேர்ல்டு நெடுஞ்சாலையின் எல்லைச் சாவடி கோடையில் மட்டும், பகலில் மட்டும் திறந்திருக்கும். குழுவில் ஒருவர் காகிதம் சரியில்லை என்றால் வேன் முழுக்க நிற்கும்.

பத்து நிறுவனம் இருக்கிறது. எதை நம்பிப் பணம் கட்டுவது?

படங்களை விடுங்கள். தொலைபேசியில் கூப்பிட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: "கடைசியாக எப்போது, எதனால் பாதியில் திரும்பினீர்கள்?" நல்ல கைடு உடனே ஆறு, மழை, ஒருவரின் கணுக்கால் என்று விவரமாகச் சொல்வார். "எங்கள் குழு எப்போதும் இலக்கை அடையும்" என்று பதில் வந்தால் போனை வைத்துவிடலாம். வடக்கில் அட்டவணை என்பது ஆசைதான், அதை நிறைவேற்றுவது தண்ணீரும் மேகமும். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள்.

அப்புறம் இவற்றையும் கேளுங்கள். கைடிடம் காட்டுப்பகுதி முதலுதவிச் சான்றிதழ் இருக்கிறதா? செயற்கைக்கோள் தொடர்புக் கருவி இருக்கிறதா? பூங்காவில் தொழில் நடத்தும் அனுமதி இருக்கிறதா? உங்கள் பயணக் காப்பீட்டில் ஹெலிகாப்டர் மீட்பு அடங்குமா என்பதை நீங்களே படித்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று: ஸ்பிரேயை இங்கிருந்தே வாங்கி வரலாமா?

முடியாது. விமானத்தில் கைப்பையிலும் சரி, ஏற்றும் பெட்டியிலும் சரி, கரடி ஸ்பிரேக்கு இடமில்லை. அடுப்புக்கான எரிவாயு டப்பாவுக்கும் அதே கதி. அலாஸ்காவின் ஆங்கரேஜிலோ யூகானின் ஒயிட்ஹார்ஸிலோ இறங்கியதும் வாங்கிக்கொள்ளலாம். டப்பாவில் விலங்குகளுக்கானது என்ற லேபிள் இருக்கட்டும், மனிதர் மேல் அடிக்கும் பெப்பர் ஸ்பிரே கனடாவில் தடை. திரும்பும்போது மிச்சமிருந்தால் கைடிடம் கொடுத்துவிடுங்கள், அடுத்த குழுவில் யாராவது வாங்காமல் வந்திருப்பார்கள்.