கிளட்ச் வழுக்கினால் எண்ணெய் ஊற்றலாமா?

கேள்வி: என்னிடம் பழைய டிராக்டர் ஒன்று இருக்கிறது. கலப்பையை மண்ணில் இறக்கியதும் என்ஜின் சத்தம் ஏறுகிறதே தவிர, சக்கரங்கள் அதற்கேற்பச் சுழலுவதில்லை. கிளட்ச் ஆயில் குறைந்திருக்கும் என்கிறார் ஒருவர். ராடைத் திருகினாலே போதும் என்கிறார் இன்னொருவர். எதை முதலில் செய்வது?

பதில்: ஊற்றுவதற்கு முன், ஊற்றும் இடம் உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய டிராக்டர்கள் பலவற்றில் பெடலையும் கிளட்ச்சையும் இணைப்பவை இரும்பு ராடும் லீவரும்தான். உள்ளே இருப்பதும் உலர் கிளட்ச். அதன் பிளேட்டில் எண்ணெய் படவே கூடாது. பெடலுக்கு அருகே தனி டப்பா இருந்தால் மட்டுமே அது திரவ அழுத்தத்தில் இயங்கும் கிளட்ச். அந்த டப்பாவிலும் கையேடு குறிப்பிடும் திரவத்தைத் தவிர வேறு எதையும் விடாதீர்கள். பிரேக் ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் ஹைட்ராலிக் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும்.

பார்க்க வேண்டிய எண்ணெய் கியர் பாக்ஸில் இருக்கிறது. பல மாடல்களில் கியர் பாக்ஸ், பின் அச்சு, கருவியைத் தூக்கும் லிஃப்ட் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான் என்பதால், லிஃப்டைத் தூக்கி வைத்தபடி அளந்தால் சிலிண்டரில் நிற்கும் எண்ணெய் கணக்கில் வராமல் அளவு குறைவாகத் தெரியும். சமதளத்தில் நிறுத்தி, கருவியை இறக்கி, என்ஜினை அணைத்துச் சற்றுப் பொறுத்த பிறகு அளவுக் கம்பியைத் துடைத்துச் செருகிப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கியர் லீவரின் கிழிந்த ரப்பர் உறையைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் நல்லதல்ல, ஏனெனில் மிகுதியான எண்ணெய் சீல் வழியாகக் கிளட்ச் பக்கம் கசியக்கூடும்.

அடுத்து, கிளட்ச் இருக்கும் உறையின் அடியில் சிறு துளை ஒன்று இருக்கும். அது அடைபடாமலிருக்கப் பெரும்பாலும் ஒரு ஸ்பிளிட் பின் (பிளந்த கம்பி ஆணி) தொங்கும். அங்கே எண்ணெய் சொட்டினால் ராடைத் தொடவே வேண்டாம். கருத்த எண்ணெய் என்றால் என்ஜினின் பின்பக்க சீலையும், கறுக்காத எண்ணெய் என்றால் கியர் பாக்ஸின் முன்பக்க சீலையும் மாற்ற வேண்டியிருக்கும். எண்ணெயில் ஊறிய பிளேட்டை எவ்வளவு திருகினாலும் அது பிடிக்காது.

துளை உலர்ந்திருந்தால் பெடலின் பிளேயை அளக்கலாம். என்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, பெடலைக் காலால் அல்லாமல் கையால் மெல்ல அழுத்துங்கள். பெடல் நகர்த்தும் ரிலீஸ் பேரிங், கிளட்ச்சை விடுவிக்கும் சிறு நெம்புகோல்களான ஃபிங்கர்களைத் தொட்டதும் எதிர்ப்பு தெரியும். அதுவரை பெடல் இறங்கிய தூரமே பிளே. பல பழைய வண்டிகளில் இது 20 முதல் 30 மி.மீ. வரை இருக்கும் என்றாலும், உங்கள் மாடலின் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. பிளேட் தேயத் தேய ஃபிங்கர்கள் பேரிங்கை நோக்கி வருவதால் பிளே தானாகவே குறைந்துகொண்டே போகும். முற்றிலும் இல்லாமல் போனால் பேரிங் எப்போதும் அழுத்திக்கொண்டே இருந்து, நீங்கள் சொல்லும் வழுக்கலை உண்டாக்கும். பெடல்மேல் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கமும் இதே கேட்டைச் செய்கிறது.

லாக் நட்டைத் தளர்த்தி, ராடின் நீளத்தை அரைச் சுற்று மாற்றி, மீண்டும் அளந்து பாருங்கள். எந்தப் பக்கம் திருகினால் பிளே கூடுகிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும். அளவு வந்ததும் நட்டை இறுக்கி, ராடிலிருந்து கழற்றிய ஸ்பிளிட் பின்னுக்குப் பதில் புதியதைப் போடுங்கள். பிறகு என்ஜினை இயக்கி, பெடலை முழுவதும் மிதித்துச் சில நொடிகள் கழித்துக் கியர் போடும்போது கரகரவென்று அரைத்தால் பிளேயை அதிகமாக வைத்துவிட்டீர்கள் என்று கொள்ளலாம். ராடில் மரை தீர்ந்தும் பிளே கிடைக்கவில்லை என்றால், வண்டியை இரண்டாகப் பிரித்துப் பிளேட்டை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி: பெடலை முழுவதும் மிதித்தும் பி.டி.ஓ. தண்டு (இணைத்த கருவிகளைச் சுழற்றும் பின்பக்கத் தண்டு) நிற்காமல் சுழல்கிறது. இதற்கும் ராடையே திருகலாமா?

பதில்: உங்களுடையது இரட்டைக் கிளட்ச் என்றால், பெடலின் முதல் பாதி வண்டியின் ஓட்டத்தையும் மறுபாதி பி.டி.ஓ.வையும் விடுவிக்கும். பிளே அளவுக்கு மீறினால் பெடலின் வீச்சு இரண்டாம் கட்டத்துக்குப் போதாமல் போகும் என்பதால் அதை முதலில் சரிபாருங்கள். அதுவும் சரியாக இருந்தால், பி.டி.ஓ. கிளட்ச்சுக்கு உள்ளே தனி போல்ட்டுகள் உண்டு. அவற்றை கேஜ் (இடைவெளியை அளக்கும் தகடு) வைத்துச் சமமாகத் திருக வேண்டியிருப்பதால் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.