குடையா, ஜெர்கினா? அண்ணாச்சியிடம் கேளுங்கள்

ஜவுளிக் கொள்முதலுக்காக 26 வருஷம் லூதியானா, சூரத், கல்கத்தா என்று ஒரே பையோடு அலைந்தவன் நான். இப்போது பாளையங்கோட்டையில் சும்மா இருக்கிறேன். காலையில் வெயில், மத்தியானம் மழை, ராத்திரி குளிர் என்று மாறிக்கொண்டே இருக்கிற ஊர்களுக்கு என்ன துணி எடுத்துப்போவது என்று ஆளாளுக்குக் கேட்டதால் இந்தக் கேள்வி பதில். துணியையும் பையையும் பற்றிக் கேளுங்கள். விசா பற்றிக் கேட்காதீர்கள்.

வள்ளியூர்: ஜூலையில் பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போகிறோம் அண்ணாச்சி. பத்து நாள். ஆளுக்கு எத்தனை ஸ்வெட்டர்?

ஒன்று போதும் தங்கச்சி, அதுவும் மெல்லியது. காரணத்தைச் சொல்லிவிட்டால் அடுத்த ஊருக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நம் திருநெல்வேலி கடல் மட்டத்திலிருந்து 50 மீட்டர்கூட இல்லை. பெங்களூர் 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். மணிமுத்தாற்றில் வேர்த்து வடிந்த ஆள், மாஞ்சோலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கையைக் கட்டிக்கொள்கிறாரே, அதே சங்கதிதான்.

ஜூலையில் அங்கே பகலில் 28, ராத்திரி 20 டிகிரி அளவில் இருக்கும். 20 டிகிரி ஒரு குளிரே இல்லை. சட்டை நனைந்து, மேலே காற்றும் அடித்தால்தான் பல் கிட்டும். அதனால் கனத்த துணி ஒன்றுக்குப் பதிலாக மெல்லிய துணி மூன்று: உள்ளே சட்டை, நடுவில் ஸ்வெட்டர், வெளியே மழையும் காற்றும் புகாத ஜெர்கின். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் சிக்கி நிற்கிற காற்றுதான் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கிறது. வெயில் வந்தால் ஒன்றைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். கம்பளிக் கோட்டில் பாதியைக் கழற்ற முடியுமா?

பத்து நாளுக்குப் பத்து உடுப்பு வேண்டாம். ஐந்து போதும், மகன் வீட்டில் துவைத்துக்கொள்ளலாம். அப்புறம், புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள்.

அம்பாசமுத்திரம்: பெங்களூர், ஆகஸ்ட். என்ன எடுக்கலாம்?

வள்ளியூர்த் தங்கச்சிக்குச் சொன்னதுதான்.

தென்காசி: மேல்படிப்புக்கு லண்டன் போகிறேன், அக்டோபரில். எப்போதும் மழை என்கிறார்களே, பெரிய குடை வாங்கட்டுமா?

தம்பி, லண்டனில் வருஷம் முழுக்கப் பெய்வது சுமார் 60 செ.மீ. 2023 டிசம்பரில் நம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அதைப் பார்த்த நாம் லண்டன் மழைக்குப் பயப்படலாமா? அங்கே தூறும், நிற்கும், மறுபடி தூறும். குற்றாலத்துச் சாரலை நினைத்துக்கொள், ஆனால் கூடவே குளிர்காற்று. அக்டோபரில் பகலில் 15, ராத்திரி 9 டிகிரி அளவில் இருக்கும். பெரிய குடை காற்றில் திரும்பிக்கொள்ளும். தொப்பி தைத்த ஜெர்கின்தான் சரி.

இன்னொன்று. அங்கே கடை, ரயில், வகுப்பு எல்லாவற்றிலும் ஹீட்டர் ஓடும். வெளியே நடுங்குவாய், உள்ளே புழுங்குவாய். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கழற்றி மாட்ட வேண்டியிருக்கும் என்பதால், தலைவழியாகப் போடுகிற ஸ்வெட்டரைவிட முன்னால் ஜிப் வைத்தது நல்லது. பனிக்காலக் கனத்த கோட்டை இங்கே வாங்காதே. அங்கே போய், அந்த ஊர்க் குளிரைப் பார்த்து வாங்கு.

ஸ்வெட்டர் மட்டும் இங்கிருந்து கொண்டுபோகலாம். ஆனால் ‘சுத்தமான உல்லன்’ என்று கடைக்காரர் சொன்னதும் நம்பிவிடாதே. லூதியானாவில் முதல் தடவை நானே ஏமாந்தேன். ஒரு கிழவர்தான் சொல்லிக் கொடுத்தார்: ஓரத்தில் ஒரு நூலைப் பிய்த்து, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டு. கம்பளி என்றால் முடி கருகுகிற வாடை வரும். விரலால் நசுக்கினால் சாம்பல் பொடியாகும். அக்ரிலிக் என்றால் உருகிச் சொட்டி, ஆறியதும் கறுப்பு மணி மாதிரி இறுகிவிடும். சூடாக இருக்கும்போது தொட்டுப் பார்க்காதே, தோலில் ஒட்டிக்கொள்ளும். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தைக் குடித்தும் நசநசக்காது. அதற்குத்தான் அந்த விலை.

பெருமாள்புரம்: இவ்வளவு எதற்கு? ரெண்டு ஜீன்ஸ், நாலு டீ-சர்ட். எந்த ஊருக்கும் போதாதா?

வெயில் ஊருக்குப் போதும். கனத்த பருத்தித் துணி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு விடாது. நனைந்த ஜீன்ஸைக் கொடியில் போட்டால் மறுநாளும் இடுப்புப் பட்டை ஈரமாகவே இருக்கும். காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கும் மேல் வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும். ஈர ஜீன்ஸோடு நிற்பதற்குச் சாரத்தோடு, அதுதான் லுங்கியோடு, நிற்கலாம்.

மேலப்பாளையம்: சாரம் என்று சொன்னீர்களே, அதைப் பயணப் பட்டியலில் சேர்ப்பீர்களா?

சேர்ப்பேனாவா? எனக்கு முதல் உருப்படியே அதுதான். ரயிலில் போர்வை, உடுப்பு மாற்ற மறைப்பு, ஓட்டல் மெத்தை அழுக்காக இருந்தால் விரிப்பு. ஆனால் இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்து மூட்டியதாக இருக்க வேண்டும்.

கடையநல்லூர்: மூட்டாததுதான் அண்ணாச்சி சரி. விரித்தால் முழு அகலம் கிடைக்கும். அப்புறம் அது சாரம் இல்லை, கைலி.

எங்கள் வீட்டில் சாரம். பெயரை விடும். மூட்டாததை உடுத்திக்கொண்டு நடு ராத்திரி மேல் பெர்த்திலிருந்து இறங்கிப் பாரும் வே, அகலம் யாருக்குக் கிடைக்கிறது என்று தெரியும்.

களக்காடு: கைலிதான். கடையில் அப்படித்தான் கேட்கிறோம்.

நாங்குநேரி: சாரம்! எங்கள் தாத்தா காலத்திலிருந்து சாரம்.

பேட்டை: சுருக்குக் கயிறு வைத்த டிராக் பேண்ட் என்று ஒன்று வந்து வெகு நாளாகிறது, தெரியுமா?

இதே விஷயமாகப் பதினாலு சீட்டு வந்திருக்கிறது. லண்டன் போகிற பையனைவிட இதற்குத்தான் கூட்டம். ஒன்றை மட்டும் போடுகிறேன், இதோடு நிறுத்திக்கொள்வோம்.

தென்காசி ஆச்சி ஒருவர்: சாரமும் வேண்டாம் கைலியும் வேண்டாம். பழைய நூல் சேலை ஒன்று எடுத்துக்கோங்கய்யா. நாலாக மடித்தால் கம்பளி, ஒற்றையாகப் போட்டால் போர்வை, கட்டினால் திரை, பேரப்பிள்ளை கூட வந்தால் தொட்டில்.

ஆச்சி ஜெயித்தார். அந்த மடிப்புகளுக்குள் நிற்பதும் அதே காற்றுதான்.

தச்சநல்லூர்: டெல்லியில் ஜனவரியில் கல்யாணம். பட்டுச்சேலைக்கு மேலே ஸ்வெட்டர் போட்டால் நன்றாகவா இருக்கும்?

மேலே போட வேண்டாம் மைனி, உள்ளே போடுங்கள். பட்டே ஓரளவு குளிர் தாங்கும். கழுத்து அகலமான தெர்மல் உள்ளாடை, அதன் மேல் முழங்கை தாண்டின ரவிக்கை, பாவாடைக்குள் கம்பளிக் காலுறை. யாருக்கும் தெரியாது. அங்கே பகலில் 20 டிகிரி வரை ஏறினாலும் விடியற்காலையில் 7க்கு இறங்கிவிடும். லண்டன் மாதிரி வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும் என்று நம்பவும் முடியாது, தரையே சில்லென்று இருக்கும். சால்வை ஒன்று கைவசம் இருக்கட்டும். அப்புறம், கல்யாணத்துக்கு என்று புதுச் செருப்பு வாங்காதீர்கள். சாந்தினி சௌக்கில் புது ஷூவோடு கொப்புளம் வந்து, ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் ஷூவுமாகக் கடை ஏறி இறங்கியவன் சொல்கிறேன்.

முக்கூடல்: பத்து நாளுக்கு ஐந்து உடுப்பு என்கிறீர்கள். அந்தக் கணக்கில் நாலு நாள் பயணத்துக்கு ரெண்டு சட்டை போதுமென்றால், துவைத்தது காய வேண்டாமா?

நல்ல கேள்வி. சட்டையைப் பிழிந்துவிட்டு, ஓட்டலில் தருகிற டர்க்கி டவலை விரித்து அதன் மேல் போடுங்கள். பத்தமடைப் பாயைச் சுருட்டுகிற மாதிரி இரண்டையும் சேர்த்து இறுக்கிச் சுருட்டி, மேலே முழங்காலை ஊன்றி அமுக்குங்கள். பிழிந்தபோது வராத தண்ணீரெல்லாம் டவலுக்குப் போய்விடும். ஃபேனுக்குக் கீழே தொங்கவிட்டால் மெல்லிய சட்டை விடிவதற்குள் காய்ந்திருக்கும். ஜீன்ஸுக்கு இது பலிக்காது. உடம்பு துவட்ட நம் ஈரிழைத் துண்டு.

சங்கரன்கோவில்: மெல்போர்னில் மகள் பிரசவத்துக்கு நவம்பரில் போகிறேன்.

அங்கே காற்று வடக்கே பாலைவனத்திலிருந்து அடித்தால் அனல், தெற்கே கடலிலிருந்து திரும்பினால் குளிர். ஒரு மணி நேரத்தில் பத்து டிகிரிக்கு மேல் இறங்குவதும் உண்டு. வீட்டைவிட்டு இறங்கும்போது வெயிலைப் பார்த்து ஸ்வெட்டரை வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

வண்ணார்பேட்டை: குளிர் ஊருக்குப் போனால் முழங்கால் வலிக்கிறது.

டாக்டரிடம் போங்கள்.

சேரன்மகாதேவி: பெங்களூருக்கு…

வள்ளியூர். மேலே. முதல் கேள்வி.

ஆலங்குளம்: விமானத்தில் கைப்பை ஏழு கிலோதானாமே?

இருப்பதிலேயே கனமான ஷூவையும் ஜெர்கினையும் உடுத்திக்கொண்டு ஏறுங்கள். அதை நிறுக்க மாட்டார்கள். மோர்மிளகாய் வற்றலை மட்டும் ஸ்வெட்டரோடு வைக்காதீர்கள். கம்பளி அந்த வாடையை விடாது.

மறுபடி தென்காசித் தம்பி: அண்ணாச்சி, கோபப்படாதீர்கள். லண்டனுக்கு என்று புது ஷூ நேற்றே வாங்கிவிட்டேன்.

கிளம்ப எத்தனை நாள் இருக்கிறது? மூன்று வாரம் இருந்தால் தினமும் அதைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் ஒரு மணி நேரம் நட. கனத்த காலுறையோடு.