தினமும் 12 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு டீசல் வேண்டாம்

தினமும் அலுவலகத்துக்கு நெரிசலில் 12 கிலோமீட்டர், எப்போதாவது நெடும்பயணம். பெட்ரோலா, டீசலா, ஹைப்ரிடா (எஞ்சினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த கார்) என்று கேட்டிருக்கிறீர்கள். டீசலை முதலில் தள்ளிவையுங்கள். இன்றைய டீசல் கார்களின் புகைப்போக்கிப் பாதையில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. சேர்ந்த கரி எரிந்துபோக சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். நீங்களோ அந்தச் சூடு ஏறுவதற்குள் அலுவலகம் சேர்ந்துவிடுவீர்கள். என் பழைய டீசல் காரில் வடிகட்டியில் கரி சேர்ந்துவிட்டதைச் சொல்லும் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், அதை அணைப்பதற்காகவே நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சுற்றிவிட்டு வருவேன். மிச்சம் பிடித்த அழகு!

டீசல் மைலேஜ் கூடுதல்தான். ஆனால் ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிட 10 சதவீதத்துக்கும் மேல் ஆற்றல் அதிகம் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

உங்கள் பாதைக்கு ஹைப்ரிட் பொருந்தும். சிக்னலில் எஞ்சின் அணைந்துவிடுகிறது; பிரேக்கில் வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்புகிறது. நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது மீட்பதற்கு அதிகம் இல்லாததால் இந்த அனுகூலம் சுருங்கிவிடும்.

வாங்குமுன் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்காமல், ஆண்டுக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிடுங்கள். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் என்றால், லிட்டருக்கு 15 தரும் கார் 800 லிட்டர் குடிக்கும்; 20 தருவது 600; 25 தருவது 480. முதல் ஐந்தில் 200 லிட்டர் மிச்சம், அடுத்த ஐந்தில் 120தான். ஹைப்ரிடுக்குக் கேட்கும் கூடுதல் விலையை, ஆண்டுக்கு மிச்சமாகும் லிட்டர்களின் விலையால் வகுத்துப் பாருங்கள்; எத்தனை ஆண்டில் அது திரும்பும் என்று தெரியும்.